போர் ஓய்ந்த பிறகு சில நாடுகள் சீக்கிரம் எழுகின்றன, சில எழுவதில்லை. ஏன்?

நிழல்வரி:

வணக்கம். ஆயுத மோதல் வளரும் நாடுகளின் முன்னேற்றத்தை எப்படிப் பாதிக்கிறது என்று கட்டுரை எழுதுகிறேன். பாலம் இடிந்தது, பள்ளி எரிந்தது, பட்ஜெட் ராணுவத்துக்குப் போனது என்று வழக்கமாகச் சொல்வதெல்லாம் வந்துவிட்டது. ஆனால் வியட்நாம் இடிக்கிறது. அவ்வளவு குண்டு விழுந்த நாடு இன்று ஏற்றுமதியில் கொடிகட்டுகிறது. ஏமனும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் எழ முடியாமல் கிடக்கின்றன.

இழப்பை எண்ணில் சொல்ல ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு ஏதும் உண்டா? இடிந்த கட்டடம்தான் பெரிய இழப்பா, வேறு ஏதாவதா? சண்டை நின்றதும் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்? "வறுமையால்தான் போர் வருகிறது, போரால் வறுமை வருவதில்லை" என்பவர்களுக்கு என்ன பதில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:

முதல் கேள்விக்கு ஆரம்பப் புள்ளி பொருளாதார அறிஞர் பால் காலியர் 1999 இல் வெளியிட்ட கணக்கு. உள்நாட்டுப் போர் நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் தலைக்குரிய உற்பத்தி, அமைதி இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட 2.2 சதவீதம் பின்தங்குகிறது. ஏழு ஆண்டுப் போர் என்று வையுங்கள். 0.978 ஐ ஏழு முறை பெருக்கினால் 0.856. ஏறக்குறைய 15 சதவீதம் சுருங்கிய பொருளாதாரம். இது போருக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்ட வீழ்ச்சி இல்லை, போர் இல்லாத கற்பனைப் பாதையோடு ஒப்பிட்டது. கட்டுரைகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது சர்வ சாதாரணம்.

அடுத்த கணக்கை நீங்களே போடலாம். போர் முடிந்தபின் வழக்கத்தைவிட ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதலாக வளர்கிறது என்றால் அந்தப் பாதையைப் பிடிக்க எத்தனை ஆண்டு? கிட்டத்தட்ட 16. ஏழு ஆண்டுச் சண்டைக்கு இருபத்து மூன்று ஆண்டு போய்விடுகிறது. உலக வங்கியின் 2011 உலக வளர்ச்சி அறிக்கை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. நடுத்தர அளவிலான ஒரு வளரும் நாட்டுக்கு உள்நாட்டுப் போரின் சராசரி விலை, 30 ஆண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சி. பெரிய வன்முறைக்குப் பிறகு வெளிநாட்டு வர்த்தகம் பழைய நிலைக்கு வர 20 ஆண்டு ஆகிறது என்பதும் அதே அறிக்கைதான். சராசரி என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். ருவாண்டாவில் 1994 என்ற ஒரே ஆண்டில் உற்பத்தி பாதியாக விழுந்தது. இலங்கையிலோ போர் ஆண்டுகள் பெரும்பாலானவற்றில் தேசியக் கணக்கு வளர்ச்சியையே காட்டியது, வடக்கும் கிழக்கும் வேறு உலகமாக இருந்தபோதும்.

இரண்டாவது கேள்விக்குச் சிரியாவைப் பாருங்கள். 2017 இல் உலக வங்கி செய்த மதிப்பீட்டில் 2011 முதல் 2016 வரை இழந்த உற்பத்தி மொத்தம் 226 பில்லியன் டாலர், 2010 இல் அந்த நாடு ஓராண்டில் உற்பத்தி செய்ததைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இதை மாதிரிக் கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். கட்டடமும் இயந்திரமும் மட்டும் அழிந்து மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் எவ்வளவு நட்டம்? பொருளாதாரத்தின் ஒருங்கமைப்பு குலைந்ததால் எவ்வளவு நட்டம்? இரண்டாவது, முதலாவதைப்போல 20 மடங்கு.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. நிலநடுக்கத்தில் ஆலை இடிந்தால் முதலாளி கடன் வாங்கி மறுபடி கட்டுகிறார், ஏனென்றால் வாங்குபவர், விற்பவர், வங்கி, வழக்குமன்றம் எல்லாம் இருக்கிறது. போரில் ஆலை நிமிர்ந்தே நின்றாலும் மூலப்பொருள் நான்கு சோதனைச்சாவடி தாண்டி வரவேண்டும், ஒவ்வொன்றிலும் தண்டல். தொழிலாளி நாட்டை விட்டுப் போய்விட்டார். கடனுக்குச் சரக்கு கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. இந்த நிலையில் புது இயந்திரத்தில் யாரும் பணம் போடமாட்டார்கள். இழப்பு குவிவது இந்தப் போடாத முதலீட்டில்தான்.

வியட்நாம் அதனால் முரண் இல்லை. மிகேல், ரோலான் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் மாவட்டவாரியாகக் குண்டுவீச்சுக் கணக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். அதிகம் குண்டு விழுந்த மாவட்டங்கள் 2002 வாக்கில் வறுமையிலோ எழுத்தறிவிலோ மக்கள்தொகையிலோ பின்தங்கியிருக்கவில்லை. குவாங் டிரி மாகாணத்தின் 3500 கிராமங்களில் குண்டு விழாமல் தப்பியவை 11 என்று சொல்லப்படும் நாடு அது. ஆனால் அங்கே போர் முடிந்தபோது ஒரே அரசு, கிராமம் வரை நீளும் நிர்வாகம், மறுகட்டுமானத்துக்கு வேண்டிய ஆள்பலம் எல்லாம் இருந்தன. ஜப்பானும் அப்படியே.

இந்த ஆய்வின் வரம்பையும் கட்டுரையில் எழுதுங்கள். மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிட்டால் நாடு முழுவதும் சேர்ந்து இழந்தது கண்ணில் படாது. எல்லா மாவட்டமும் சமமாகத் தாழ்ந்திருந்தாலும் "வித்தியாசம் இல்லை" என்றுதான் விடை வரும். 1986 இல் சந்தைக்குக் கதவு திறந்த தோய் மோய் சீர்திருத்தத்துக்கு முந்தைய பத்தாண்டு வியட்நாமுக்கு எவ்வளவு கஷ்டமான காலம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரக்குப்பெட்டி:

கணக்கன் சார் சொன்ன ஒருங்கமைப்புக் குலைவு தரையில் எப்படி இருக்கும் என்று துறைமுகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கப்பலுக்கான போர் அபாயக் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள், பொதுவாக ஏழு நாளுக்கு. லண்டன் சந்தையில் இயங்கும் காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு ஒரு கடற்பகுதியை அபாயப் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகப் பேசி விலை வைக்க வேண்டும். உதாரணத்துக்கு 50 மில்லியன் டாலர் கப்பல், 2000 பெட்டி இறக்குகிறது. 0.05 சதவீதம் என்றால் 25,000 டாலர், பெட்டிக்கு 12.50. அது 1 சதவீதம் ஆனால் 5 லட்சம் டாலர், பெட்டிக்கு 250. செங்கடலில் 2024 தொடக்கத்தில் விகிதம் இந்த உயரத்துக்குத்தான் போனது. 250 டாலரைப் பணக்கார நாடு முனகிக்கொண்டே கட்டும். சிறிய துறைமுகத்துக்கோ கப்பல் வருவதே நின்றுபோகும். கப்பல் கம்பெனி பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுச் சிறு படகில் அனுப்பும், இரட்டைக் கூலி. அபாயம் நீங்கியபின் அந்த வழித்தடம் தானாகத் திரும்பி வராது, அட்டவணை ஏற்கெனவே வேறு துறைமுகத்தை வைத்துப் போடப்பட்டிருக்கும்.

2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலுக்குப் பிறகு இலங்கைக்கு வரும் கப்பலுக்கும் விமானத்துக்கும் இப்படித்தான் கூடுதல் கட்டணம் ஏறியது. அந்த ஆண்டு சுதந்திரத்துக்குப் பின் முதல்முறையாக இலங்கைப் பொருளாதாரம் சுருங்கியது, சுமார் 1.5 சதவீதம். வறட்சியும் மின்வெட்டும் உலக மந்தமும் சேர்ந்துகொண்டன, எல்லாப் பழியையும் தாக்குதல் மேல் போடக்கூடாது.

அடுத்தது ஏமனின் ஹுதைதா. 2015 ஆகஸ்ட் வான்தாக்குதலில் நான்கு பாரந்தூக்கிகள் போயின. மாற்றாக நான்கு நகரும் பாரந்தூக்கிகள் உலக உணவுத் திட்டம் வழியாக வந்து இறங்கியது 2018 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் தன்னிடமே தூக்கி வைத்திருந்த கப்பல்தான் சரக்கு இறக்க முடியும், அதுவும் மெதுவாக. கோதுமையில் சுமார் 90 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு. கப்பல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம், அது அப்படியே மாவு விலையில் ஏறும். உடைந்த சொத்தின் மதிப்போடு பார்த்தால் நான்கு பாரந்தூக்கி ஒன்றுமே இல்லை.

பணமும் ஒரு வழித்தடம்தான். 2016 செப்டம்பரில் ஏமன் மத்திய வங்கியின் தலைமையகம், கிளர்ச்சியாளர் கையிலிருந்த வடக்கின் சனாவிலிருந்து அரசின் கையிலிருந்த தெற்கின் ஏடனுக்கு மாற்றப்பட்டது. ஏடனில் புது நோட்டு அச்சிட்டார்கள், 2019 டிசம்பரில் சனா தரப்பு அந்த நோட்டு செல்லாது என்றது. ஒரே பெயரில் இரண்டு ரியால். 2021 இல் ஏடனில் ஒரு டாலர் 1000 ரியாலைத் தாண்டியது, சனாவில் 600 சொச்சம். தெற்கில் வேலை செய்து வடக்கிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்பினால் மாற்றுக் கட்டணத்திலேயே பெரும்பங்கு போய்விடும். 2016 இலிருந்து வடக்கில் ஆசிரியர், மருத்துவமனை ஊழியர் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. குண்டே விழாத ஊரிலும் பள்ளி மூடுவது இதனால்தான்.

கடைசியாகப் பக்கத்து நாடு. அங்கோலாவில் 1975 இல் போர் மூண்டதும் பெங்கெலா ரயில்பாதை முடங்கியது. லொபிட்டோ துறைமுகத்திலிருந்து எல்லை வரை 1,344 கிலோமீட்டர். தாமிரத்தை அதில் அனுப்பிவந்த ஜாம்பியாவும் இன்றைய காங்கோவும் சுற்றுவழிக்குப் போயின. பாதை முழுதும் திரும்பத் திறந்தது சீன நிறுவனம் மறுகட்டுமானம் செய்தபின், 2010களின் நடுவில். சண்டையில் பங்கே இல்லாத ஜாம்பியாவும் அத்தனை காலம் கூடுதல் கூலி கட்டியது. இந்தச் செலவு அங்கோலாவின் போர்க்கணக்கில் எங்கும் ஏறாது.

ஒற்றைக்கொம்பன்:

எல்லாம் சரி, நிழல்வரியின் நான்காவது கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிவிட்டீர்களே. சரிந்துகொண்டிருக்கும் நாட்டில்தான் போர் வெடிக்கிறது. போருக்குப் பிறகு பார்த்த சரிவையெல்லாம் போர் தலையில் கட்டினால் அது கணக்கே இல்லை. மழையை வைத்துச் செய்த 2004 ஆய்வு தெரியும்தானே? 41 ஆப்பிரிக்க நாடுகள், 1981 முதல் 1999 வரை. மழை பொய்த்து வளர்ச்சி 5 சதவீதப் புள்ளி விழுந்தால் அடுத்த ஆண்டு மோதல் மூளும் வாய்ப்பு பாதி அளவு கூடுகிறது. ஆக, காரணம் வறுமை.

கணக்கன்:

அந்த ஆய்வு வறுமையிலிருந்து போருக்குப் போகும் பாதையைக் காட்டுகிறது. மறுபாதை இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் ஓடலாம். பிரித்தெடுக்க வழி உண்டு. போருக்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டில் அந்த நாட்டைப்போலவே நடந்துகொண்ட வேறு நாடுகளை வெவ்வேறு எடையில் கலந்து ஒரு செயற்கை ஒப்பீட்டு நாடு கட்டுகிறார்கள். போர் ஆண்டிலிருந்து இரண்டும் விலகும் தூரம்தான் இழப்பு. இதில் வழக்கமாக வரும் பிழை இரண்டு. போரால் பாதிக்கப்பட்ட அண்டை நாட்டையே கலவையில் சேர்ப்பது (அப்போது இழப்பு குறைத்துக் காட்டும்), போர் "தொடங்கிய" ஆண்டைத் தாமதமாக வைப்பது. முதலாளி பணத்தை வெளியே எடுப்பது முதல் தோட்டா வெடிப்பதற்கு முன்பே. அதனால் தொடக்கத்தை ஓரிரு ஆண்டு முன்னதாக வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வரப்பு:

முதலில் எதைச் சரிசெய்வது என்பதற்கு என் வாக்கு கண்ணிவெடிக்கும் நிலப் பத்திரத்துக்கும். இரண்டும் கவர்ச்சி இல்லாத வேலை, அதனால்தான் திறப்பு விழாப் பட்டியலில் வருவதில்லை.

கண்ணிவெடி அகற்றுவதில் காசு வீணாவது பெரும்பாலும் வெடி இல்லாத நிலத்தைத் தோண்டுவதில். ஒழுங்கான முறை மூன்று படி. முதலில் ஊர்க்காரர்கள், பழைய போராளிகள், விபத்துப் பதிவு, ராணுவ வரைபடம் எல்லாவற்றையும் கேட்டுத் தொகுக்கும் கள விசாரணை. இதிலேயே சந்தேக நிலத்தின் பெரும்பகுதியை ஆபத்தில்லை என்று விடுவிக்கலாம். அடுத்து சந்தேகம் மிஞ்சிய இடத்தில் குறுகிய பாதைகளை வெட்டிப் பார்க்கும் தொழில்நுட்ப ஆய்வு. வெடி உறுதியான வரிசையில் மட்டும் முழு அகற்றல். கையால் செய்பவர் ஒரு மீட்டர் அகலப் பாதையில் செடியை வெட்டி, உலோகங்காட்டியை ஓட்டி, ஒலி வந்த இடத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகத் தோண்டுவார். ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில பத்துச் சதுர மீட்டர். தோட்டா உறையும் ஆணியும் நிறைந்த பழைய முகாம் என்றால் இன்னும் குறையும், ஒவ்வொரு ஒலிக்கும் தோண்டியாக வேண்டுமே. வேறு தகவல் இல்லாவிட்டால் சர்வதேச நடைமுறை வைக்கும் ஆழம் 13 சென்டிமீட்டர். வெள்ளம் வந்து மண் மூடிய ஆற்றங்கரையில் வெடி அதற்கும் கீழே போயிருக்கும். இது தெரியாமல் "சுத்தம்" என்று சான்று கொடுத்த இடத்தில் டிராக்டர் உழும்போது வெடிக்கும்.

வரிசை முக்கியம். மொசாம்பிக் 1992 இல் போரை முடித்து 2015 செப்டம்பரில் கண்ணிவெடியற்ற நாடானது. அங்கே நடந்ததைப் பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்தது: சாலை, ரயில், சந்தை ஊர்களை ஒட்டிய நிலத்தைச் சுத்தம் செய்தால் பலன் அந்த ஊரோடு நிற்கவில்லை, பாதை நெடுக உள்ள ஊர்களுக்கும் பரவியது. ஒதுக்குப்புற வயல்களைத் தனித்தனியாகச் சுத்தம் செய்ததில் பொருளாதாரப் பலன் குறைவு. ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் ஒவ்வொரு மாகாணத்தில் தன் போக்கில் வேலை செய்ததால் பாதைகள் துண்டுதுண்டாகவே கிடந்தன. உயிர்ச்சேதம் அதிகமுள்ள கிராமத்துக்கு முன்னுரிமை கொடுப்பது வேறு நியாயம், அதை இந்தக் கணக்கோடு போட்டியிட வைக்க வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனிக் குழு இருப்பதே மேல்.

லாவோஸ் இன்னும் மோசம், அங்கே பிரச்சினை வானில் பிளந்து சிறுகுண்டுகளைச் சிதறவிடும் கொத்துக்குண்டு. 1964 முதல் 1973 வரை விழுந்த சிறுகுண்டு 27 கோடிக்கு மேல், அதில் சுமார் 30 சதவீதம் வெடிக்கவில்லை. கண்ணிவெடிக்கு வரிசை, வேலி என்று ஏதாவது ஒரு தர்க்கம் இருக்கும். வானத்திலிருந்து விழுந்ததற்கு எதுவும் இல்லை. பள்ளிக்கு அடித்தளம் தோண்டினாலும் வாய்க்கால் வெட்டினாலும் முதலில் அகற்றும் குழு வரவேண்டும், ஒவ்வொரு திட்டத்திலும் அந்தச் செலவும் தாமதமும்.

நிலப் பத்திரம். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை தனியுடைமையே ஒழிக்கப்பட்டு நிலப் பதிவேடுகள் அழிந்தன. 1989 இல் உடைமை திரும்ப வந்தது, ஆனால் யார் எதில் இருக்கிறாரோ அவருக்கு என்ற கணக்கில். கிழக்குத் திமோரில் 1999 வன்முறையோடு பதிவேடுகளும் போயின. பத்திரம் இல்லாத நிலத்தை அடமானம் வாங்க வங்கிக்கு வழி இல்லை, அடமானம் இல்லாமல் மோட்டாருக்கும் விதைக்கும் கடன் இல்லை. அகதி திரும்பி வந்தால் அவர் வீட்டில் இன்னோர் அகதி. வேலை நடக்கும் விதம்: ஊரோடு எல்லையை நடந்து அளப்பது, இரு பக்கத்து அயலாரும் ஒப்பமிடுவது, வரைபடத்தைப் பொது இடத்தில் ஒட்டி ஆட்சேபம் கேட்பது, கம்போடிய முறையில் 30 நாள். கெடுவது எங்கே என்றால் இந்த 30 நாளில்தான். ஊருக்கு இன்னும் திரும்பாதவரால் ஆட்சேபிக்க முடியாது, கணவனை இழந்த பெண்ணின் நிலம் மைத்துனன் பெயரில் ஏறிவிடும். முகாம்களிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும், தகராறுள்ள துண்டைத் தனி நிறத்தில் குறித்து ஒதுக்கிவிட்டு மற்றதை முடிக்க வேண்டும். எல்லாத் தகராறும் தீரட்டும் என்று காத்திருந்தால் ஒரு பத்திரமும் வராது.

நிழல்வரி:

வரப்பு, மிக்க நன்றி, வரிசை விஷயம் எனக்குப் புதிது. இரண்டு துணைக்கேள்வி. காலியர் கணக்கில் நீண்ட போருக்குப் பிறகு மீட்சி வேகமாக இருக்கிறதாமே, தலைகீழாக அல்லவா இருக்கிறது? இன்னொன்று, "போர் முடிந்த நாடுகளில் பாதி பத்தாண்டுக்குள் திரும்பப் போரில் விழுகின்றன" என்று எங்கு பார்த்தாலும் இருக்கிறதே, எடுத்தாளலாமா?

கணக்கன்:

இரண்டாவதை எடுத்தாளாதீர்கள். 2000களின் தொடக்கத்தில் காலியர் குழு கொடுத்த எண் அது. 2007 இல் வேறு ஆய்வாளர்கள் அதன் வேரைத் தேடிப் போனபோது, பிந்திய திருத்தங்களில் அது ஏறக்குறைய நாலில் ஒன்றாக இறங்கியிருந்தது தெரிந்தது. அதற்குள் "பாதி" என்பது ஐநா உரைகள் வரை பரவிவிட்டது.

முதலாவது முதலீடு வெளியேறும் வேகம் பற்றியது. ஓராண்டுப் போரில் பணக்காரரின் பணம் இன்னும் முழுதாக வெளியேறி முடிந்திருக்காது, போர் நின்றபின்னும் பயம் நிற்காமல் வெளியேற்றம் தொடர்கிறது. முதல் ஐந்து அமைதி ஆண்டில் வளர்ச்சி ஆண்டுக்கு 2.1 சதவீதம் குறைகிறது என்று அவர் கணித்தார். பதினைந்து ஆண்டுப் போரில் போகவேண்டியதெல்லாம் எப்போதோ போய்விட்டது, அமைதி வந்ததும் திரும்பி வருவது மட்டும்தான் மிச்சம், 5.9 சதவீதம் கூடுகிறது. கீழே கிடப்பது ஏறும்போது சதவீதம் பெரிதாகத் தெரியும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

உதவிப் பணத்தின் காலமும் இதோடு சேர்ந்தது. தொலைக்காட்சியில் நாடு தெரியும்போது, அதாவது முதல் இரண்டு மூன்று ஆண்டில், நன்கொடை கொட்டுகிறது. டெண்டர் போடத் தெரிந்த அதிகாரி கூட அப்போது இருக்கமாட்டார். காலியரும் அவரோடு ஆய்வு செய்த ஹோஃப்லரும் பார்த்ததில், உதவியை நன்றாகப் பயன்படுத்தும் திறன் நான்காம் ஆண்டிலிருந்து வழக்கத்தைப்போல இரு மடங்காகிறது. நன்கொடையாளர் மூட்டை கட்டும் நேரமும் அதுதான். ராணுவச் செலவு இன்னொரு பக்கம் இழுக்கிறது: வளரும் நாடுகளில் சாதாரண காலத்தில் உற்பத்தியில் சராசரி 2.8 சதவீதம், உள்நாட்டுப் போரில் 5, போர் முடிந்த முதல் பத்தாண்டிலும் 4.5. அமைதியின் ஆதாயம் என்று பட்ஜெட்டில் எதிர்பார்த்தது இதனால்தான் வருவதே இல்லை.

பலகைச்சுண்ணாம்பு:

பள்ளி பற்றி ஒரு வார்த்தை. எரிந்த பள்ளிகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள், பள்ளிக்குப் போகும் வயதே இன்னும் வராத குழந்தையைப் பாருங்கள். பெருவில் பள்ளி வயதுக்கு முன்பே வன்முறைக்கு ஆளானவர்கள் பெரியவர்களான பின்னும் சராசரி 0.31 ஆண்டு குறைவாகவே படித்திருந்தார்கள். ருவாண்டாவில் இனப்படுகொலைக் காலத்தில் பள்ளி வயதில் இருந்தவர்களுக்கு அரை ஆண்டு குறைவு. புருண்டியில் போருக்கு ஆளான மாதங்கள் கூடக்கூடக் குழந்தையின் வயதுக்கேற்ற உயரம் குறைந்தது. முதல் இரண்டு ஆண்டில் ஊட்டம் குறைந்தால் பிறகு சத்துணவு கொடுத்து முழுதாக ஈடுகட்ட முடியாது. ஆகவே சண்டைக் காலத்திலேயே பாலூட்டும் தாய்க்கும் சிசுவுக்கும் உணவும் தடுப்பூசியும் போய்ச்சேர வழி திறப்பது, பின்னால் கட்டும் பள்ளியைவிட மலிவு. மருத்துவத்தில் இதே இழுபறிதான். லைபீரியாவில் போர் 2003 இல் முடிந்தது, 2014 இல் எபோலா வந்தபோது நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு இருந்த டாக்டர்கள் சுமார் 50 பேர்.

ஒற்றைக்கொம்பன்:

செயற்கை ஒப்பீடு பதில் பரவாயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒப்பீட்டுக்குப் போடும் டேட்டா? போர் நாட்டில் யார் உற்பத்தியை அளக்கிறார்கள்?

கணக்கன்:

நியாயமான கேள்வி. சோமாலியாவுக்கு 1991 க்குப் பிறகு நீண்ட காலம் தேசியக் கணக்கே இல்லை. அட்டவணையில் காலியாக இருக்கும் ஆண்டுகளை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும், மிக மோசமான ஆண்டுகள் ஆய்விலிருந்தே காணாமல் போகும், இழப்பு குறைந்து தெரியும். நிழல்வரி, முதலில் எந்த நாட்டில் எந்த ஆண்டு காலி என்று ஒரு அட்டவணை போட்டுப் பின்னிணைப்பில் வையுங்கள்.

இரவு வெளிச்சச் செயற்கைக்கோள் படம் உதவும். சிரியாவில் 2011 மார்ச்சுக்கும் 2014 பிப்ரவரிக்கும் இடையே இரவு ஒளி சுமார் 74 சதவீதம் குறைந்தது. அதற்காக உற்பத்தியும் 74 சதவீதம் விழுந்தது என்று எழுதிவிடாதீர்கள். மின்கம்பி அறுந்து வீட்டுக்குள் சூரியத் தகட்டில் விளக்கெரிந்தால் வானத்துக்குத் தெரியாது. எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயுவோ நகரத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும், அந்தப் புள்ளிகளை முதலிலேயே மறைத்துவிட வேண்டும். 2012 க்கு முந்தைய படங்களும் பிந்தையவையும் வேறு வேறு உணரியில் எடுத்தவை, அப்படியே ஒட்டினால் இல்லாத ஏற்ற இறக்கம் வரும்.

மோதல் ஆண்டைத் தீர்மானிக்க உப்சாலா பல்கலைக்கழகத் தரவை எடுத்தால் ஆண்டுக்கு 25 சண்டை மரணம் என்பது மோதல் என்று எண்ணத் தொடங்கும் வாசல், 1000 என்றால் போர். இரண்டு வாசலிலும் கணக்கை ஓட்டிப் பாருங்கள். பட்டினியிலும் காலராவிலும் இறந்தவர்கள் இந்த இரண்டிலுமே இல்லை.